லோரி நிறையச் சீர்

"அதெல்லாம் சரிங்க, அந்தத் தோட்டத்த வாங்குனதுல நமக்கும் பங்கு இருக்குன்னு அஞ்சலைகிட்ட எப்பத்தான் சொல்லப் போறீங்க?"

"சீர எறக்குனப்புறம் சொல்றேன். மொதல்ல வளையல் தட்ட அந்தப் பக்கம் நகத்து. லோரி குலுக்குற குலுக்கல்ல ஒடஞ்சிரும்."

"வளையலுக்கு இவ்ளோ பதறுறீங்க!"

மனைவி கோகிலா இப்படித்தான், சிரித்துக்கொண்டே ஊசி குத்துவாள். அப்பாசாமி வளையல் தட்டைத் தானே நகர்த்தி வைத்தார். டவுனில், காஜா பெராங்கில் இருந்த அவர் வீட்டு வாசலையே அடைத்துக்கொண்டு நின்ற லோரியில் ஒவ்வொரு தட்டாக ஏற்றினார். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் எடுத்த பட்டு, தங்கத் தோடு, பழம், பலகாரம், வெல்லம். தங்கை அஞ்சலையின் மகள் விஜயா பெரியவளாகிவிட்டாள். தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? இந்த ஒரு நாளுக்காகத்தானே மனுஷன் பத்து வருஷமாக மாடாய் உழைத்தார்!

ஏன் என்று கேளுங்கள். விஜயாவுக்குக் காது குத்தியபோது அவர் கையில் இருந்தது ஒரு தேங்காயும் ஒரு சின்னப் பாவாடையும்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து ஒரு பங்காளி கத்தினான். "என்னப்பா, தாய்மாமன் சீரு கக்கத்துலயே அடங்கிருச்சு!" தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த சனமெல்லாம், அந்த லயமே சிரித்தது. அண்ணன் முகம் வாடிவிடக் கூடாதே என்று அஞ்சலையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

அன்றே தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தார். மூட்டை தூக்கினார், லோரி ஓட்டினார், பிறகு சொந்தமாகவே ஒரு லோரி வாங்கினார். சம்பாதிப்பது தனக்காக இல்லை என்று சாமி முன்னால் சத்தியமே செய்திருந்தார். அந்த லயத்தில் இனி ஒருவனும் வெறுங்கையோடு நின்று தலைகுனியக் கூடாது. கல்யாணமா, வைத்தியமா, பிள்ளை படிப்பா, எல்லாவற்றுக்கும் தான் கொடுக்க வேண்டும். ஆனால் யாராவது வந்து கேட்டால் மட்டும், "பொறுங்கலா. இப்பக் குடுத்தா கைப்பிடி, அப்புறம் குடுத்தா கூடை" என்பார். தீபாவளிக்குக்கூடத் தோட்டத்துப் பக்கம் போனதில்லை. கூடை நிறையாமல் எப்படிப் போவது?

மெர்டேக்கா வந்தது, நாடு சுதந்திரமானது. வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். துணிக்கடை சேதுராமன் நாலைந்து பேரைக் கூட்டுச் சேர்த்தார். மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி விற்பது. குருபோங் ஊருக்கு அப்பால் அஞ்சலை இருந்த தோட்டமே விலைக்கு வந்தபோது அப்பாசாமிக்குத் திக்கென்றது.

"நீ வாங்கலன்னா வேற எவனாச்சும் வாங்கத்தான் போறான்" என்றார் சேதுராமன். "ஒன் கையில இருந்தா லாபமாச்சும் ஒங்க சனத்துக்குப் போவும். புதுசா வாங்குறவனுக்கும் ரப்பர் மரத்துல பால் வெட்ட ஆளு வேணாமா?"

நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட வேண்டும் என்று அவரும் ஆசைப்பட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லோரி தோட்டத்துக்குள் நுழைந்ததும் கோகிலா, "என்னங்க இது?" என்றாள்.

லயத்துக்குக் கூரை இல்லை. தகரங்களைக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். பானை, பாய், கோழிக்கூண்டு, சாமி படம் எல்லாம் பால்மரத்தடியில் கிடந்தன. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சேலையைக் கட்டி, அதற்குப் பின்னால் விஜயாவை உட்கார வைத்திருந்தார்கள்.

அஞ்சலை ஓடி வந்தாள். "வந்துட்டியாண்ணே! நல்லவேள வந்தே. பச்சத் தென்ன மட்ட வெட்டி வச்சிருக்கேன், புள்ள உள்ள ஒக்காரக் குச்சு கட்டிக் குடு. பாத்தியா எங்க கதிய? துண்டு நெலம் வாங்குன தவுக்கே மொதலாளி அவன் ஆளுங்களயே கூட்டியாந்துட்டான். நாங்க வேணாமாம். இந்தத் தோட்டத்த வாங்கி வெட்டி வித்தானுங்களே, அவனுங்க குடும்பம் வெளங்குமா? நீயே சொல்லு!"

கோகிலா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாசாமி லோரியிலிருந்து இறங்கி அவள் முன்னால் போய் நின்றார்.

"அஞ்சல… அதுல நானும் ஒருத்தன்மா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தவில்லை, அழவில்லை. லோரியை ஒருமுறை பார்த்தாள். பட்டு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"குச்சு கட்டுறதுதாண்ணே மாமன் மொற. நீ கூரையவே பிரிச்சிட்டியே."

"உங்களுக்காகத்தான்மா… வா, வீட்டுக்குப் போவோம். இப்பவே எல்லாத்தயும் ஏத்து."

"நாங்க நாலு பேரு வந்துருவோம். இந்த லயம் பூரா வரலாமா?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். பத்து வருஷமாக 'பொறுங்க' என்ற சொல்லைக் கேட்டுப் பொறுத்தவர்கள். கூடையை இன்றைக்காவது இறக்குவாரா என்பதுபோல் பார்த்தார்கள். கேலி செய்யக்கூட ஒருவருக்கும் தெம்பில்லை.

"எல்லாருக்கும் வீடு கட்டித் தரேன்" என்றார் அப்பாசாமி. நிஜமாகவே கட்டித்தர ஆசைப்பட்டுத்தான் சொன்னார். "வரிசையா, நல்ல பலகை வீடு. சாமி சத்தியமா."

"எப்ப?"

"கையில இருந்ததெல்லாம் அடுத்த தோட்டத்துல போட்டாச்சு. இன்னும் ஒரு தோட்டம் மட்டும் கைமாறட்டும், உடனே…"

வாய் பாதியில் நின்றுவிட்டது.

சேலைக்குப் பின்னாலிருந்து விஜயாவின் குரல் வந்தது. குத்தலே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அந்தத் தோட்டத்துல யாரு மாமா இருக்காங்க?"

அப்பாசாமி மட்டைக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொடுப்பதற்காகவே பிழைத்த மனுஷனிடம் அந்த நேரத்தில் கொடுக்க ஒரு சொல்கூட இல்லை. அஞ்சலை சீரை இறக்கச் சொல்லவில்லை. திருப்பிக் கொண்டுபோ என்றும் சொல்லவில்லை. லோரியின் பக்கத்தில் போய், முதல் தட்டின் விளிம்பில் கையை வைத்தபடி நின்றாள், அவ்வளவுதான்.

எனக்கு இந்த இடத்தில் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. சொல்லுங்களேன், அஞ்சலையின் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் அந்தத் தட்டை வாங்குவீர்களா, மாட்டீர்களா?