நீலம் ஏறாத தட்டு

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். மூன்றாம் மாடி ஆராய்ச்சிக்கூடம் எங்கள் கேஸ் கடைக்கு வைத்திருந்த பாக்கி அது. கடை என் மச்சானுடையது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சிலிண்டர் தூக்குவது நான். "நல்ல மனுஷங்க, கடனாக் கொடுங்க" என்று வாயை விட்டதும் நான்தான்.

"மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா உன் சம்பளத்துல பிடிச்சுக்குவேன் மாப்ள" என்றார் மச்சான்.

"தங்கச்சி வீட்டு அடுப்புல தண்ணி ஊத்துறீங்களே மச்சான்?"

"தங்கச்சி இங்க வந்து சாப்பிடட்டும். உனக்குத்தான் கிடையாது."

அவர் சிரிக்காமல் சொன்னார். பிடித்தால் அந்த மாதம் கையில் மிஞ்சுவது பஸ் காசுதான். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டியதும் அதே மாதம்.

அவர்களுக்குப் போவது சோடாவில் அடைக்கிற கரியமில வாயு. அந்தக் கட்டடத்து லிஃப்டில் சிலிண்டர் ஏற்ற விடமாட்டார்கள். படிக்கட்டுதான். கதவில் இருக்கும் பெயர்ப் பலகையை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் தோள் இற்றுவிடும். உள்ளே இரண்டு பேர். ஒருவர் டாக்டரம்மா. இன்னொருவர் அவரோடு பத்து வருஷமாக வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர். தலையில் ஏற்றி வைத்த மூக்குக்கண்ணாடியை மேசையெல்லாம் தேடுவார் என்பதால் எனக்கு அவர் கண்ணாடிக்காரர்.

என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். தட்டையாக, தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி ஒன்று கிடந்தது.

"இது கிழட்டு செல் அண்ணே. இனிமே பெருகாது. சாகவும் மாட்டேங்குது. உப்பிப்போய் உக்காந்துகிட்டு, பக்கத்துல இருக்கிற நல்ல செல்லையும் சேர்த்துக் கெடுக்குது. வயசானா உடம்புல இதுங்க கூட்டம் அதிகமாகுது."

"வேலை செய்யாது, இடத்தையும் விடாது, அடுத்தவனையும் கெடுக்கும். எங்க மச்சானை எப்பம்மா இதுக்குள்ள போட்டீங்க?"

கண்ணாடிக்காரர் சிரித்ததில் தலையில் இருந்த கண்ணாடி மூக்குக்கே வந்து சேர்ந்தது.

அந்தக் கிழட்டு செல்களை மட்டும் ஒழிக்கிற மருந்து ஒன்றைத்தான் அவர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சாயம். தட்டில் ஊற்றி, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்தால், கிழட்டு செல் நீலமாகும், இளசு ஆகாது. மருந்து கொடுத்த தட்டில் நீலம் குறைய வேண்டும். ஆனால் இந்த அறைக்கு மாறி வந்த நாளிலிருந்து கிழடு, இளசு, மருந்து குடித்தது, குடிக்காதது எல்லாமே நீலம். ஒரே வாளியில் ஊறிச் சாயம் ஒட்டிய துணி மூட்டை மாதிரி.

"மாசக் கடைசியில பணம் கொடுக்கிற கமிட்டி வருது அண்ணே. இதைக் காட்டினா அறையைப் பூட்டிடுவாங்க. உங்க பாக்கியும் அதோட போச்சு" என்றார் டாக்டரம்மா.

அடுத்த வாரமே மச்சான் பொறுமை இழந்தார். "போய் சிலிண்டரைத் தூக்கிட்டு வா."

திங்கட்கிழமை காலையில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

"தூக்கிட்டுப் போங்க அண்ணே. எங்களால உங்க தலை உருள வேணாம்" என்றார் டாக்டரம்மா.

உயிரோடு வளர்கிற செல்களுக்குத்தான் கேஸ் வேண்டும். அவற்றைப் பக்கத்து அறைக்காரர்களின் பெட்டியில் வைக்கச் சொல்லிக் கண்ணாடிக்காரர் கெஞ்சிக் கூத்தாடி இடம் பிடித்தார். சாயத் தட்டுகளுக்குக் கேஸ் தேவையில்லை, அன்றைக்குச் சாயம் ஊற்றியவை பழைய பெட்டியிலேயே இருந்தன. ஏறும்போது கனத்த சிலிண்டர் இறங்கும்போது இன்னும் கனத்தது.

புதன்கிழமை, கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று ஏறினேன். கதவைத் திறந்ததும் டாக்டரம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீலம் இல்லை அண்ணே! இளசுல நீலம் இல்லை!"

"நீலம் இருந்தாத்தானேம்மா..."

"கிழடுல இருக்கு! மருந்து குடிச்ச தட்டுல அங்கொண்ணு இங்கொண்ணுதான்!"

கண்ணாடிக்காரர் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். அங்கிருந்து சத்தம் வந்தது. "மேடம், குழாய் ரெண்டாப் பிரியுது."

ஒரே சிலிண்டரிலிருந்து செல் வளர்க்கிற பெட்டி, சாயப் பெட்டி இரண்டுக்கும் குழாய் போயிருந்தது. சாயப் பெட்டிப் பக்கத்துத் திருகு திறந்தே கிடந்தது.

"இதை நீ மூடலையா?"

"நீங்க மூடியிருப்பீங்கன்னு நினைச்சேன் மேடம்."

"நீ மூடியிருப்பேன்னு நான் நினைச்சேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேஸ் கரைந்தால் சாயம் புளித்துவிடுமாம். புளித்த சாயத்தில் இளசும் நீலமாகத்தான் தெரியுமாம்.

"மருந்து நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. நாமதான் நம்ம செல்லுக்கு நாமளே கிழட்டுப் பட்டம் கட்டியிருக்கோம்."

ஆனாலும் உடனே நம்பிவிடவில்லை. பக்கத்து அறையில் சின்ன சிலிண்டர் ஒன்றை இரவல் வாங்கி, திருகைத் திறந்து வைத்து ஒரு தடவை, மூடி வைத்து ஒரு தடவை, மறுபடி மறுபடி செய்தார்கள். திறந்தால் எல்லாம் நீலம். மூடினால் கிழடு மட்டும். கமிட்டி வந்த அன்று அறைக்கு வெளியே நான் ஏன் நின்றேன் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளிருந்து கண்ணாடிக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் இரண்டு வருஷத்துக்குப் பணம்.

மாதத்தின் கடைசி நாள் டாக்டரம்மாவே கடைக்கு வந்தார். மச்சான் எச்சில் தொட்டு எண்ணினார். சரியாக இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் டாக்டரம்மா. "நீங்க கேஸை நிறுத்தலைன்னா நாங்க தப்பைக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம். உங்களுக்குத்தான் நன்றி."

மச்சான் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், மீசையைத் தடவினார். பிறகு கற்றையிலிருந்து நாற்பது ரூபாயை உருவி மேசை மேல் தள்ளினார்.

"இந்தச் சில்லறை வேணாம்மா. டீ குடிங்க. பாக்கி தீர்ந்துச்சு."

"மாப்பிள்ளை சம்பளம்?" என்று கேட்டேன்.

"முழுசா வரும், போடா."

என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் கையை விட்டுக் காசு தானாகப் போனதை அன்றுதான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மச்சானைத் தட்டில் வைத்துச் சாயம் ஊற்றியிருந்தால், சத்தியமாக நீலம் ஏறியிருக்காது.