எல்லம்மாள் வீட்டைச் சுற்றித் தைத்த ஓரம்

கண்ணகி ஓரம் தைத்த டேபிள் மேட்டில் எதைக் கொட்டினாலும் அது அந்த ஓரத்தைத் தாண்டி வெளியே போகாது. இந்த விஷயம் 2021 ஆடி மாதம், அணுபுரம் குடியிருப்பில் லதாவின் வீட்டில்தான் முதலில் தெரியவந்தது. செங்கல்பட்டுக் கண்காட்சியில் ஒன்று நூற்றிருபது ரூபாய் என்று ஆறு மேட் வாங்கியிருந்தாள். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்து, சுற்றிலும் சிவப்புப் பட்டி போட்டு மடித்தவை. போன் பேசிக்கொண்டே டம்ளரைத் தட்டிவிட்டாள். பஞ்சு குடித்தது போக மீதிக் காபி நாலு பக்கமும் ஓடி, சிவப்புப் பட்டி வரை போய், அங்கே ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. லதா அதைக் கரண்டியால் மொண்டு டம்ளரில் விட்டுக் குடித்துவிட்டாள். காபித்தூள் விற்கிற விலைக்கு வேறென்ன செய்வாள், பாவம்.

அவள் கணவர் கோபாலகிருஷ்ணன் அணு ஆராய்ச்சியில் வேலை பார்க்கிறவர், எதையும் மூன்று தடவை செய்து பார்க்காமல் நம்பமாட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மேட்டில் தண்ணீர் ஊற்றினார். ஒரு முழ உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மேசை முனகியதால் நிறுத்திக்கொண்டார். ஐந்து எறும்புகளை நடுவில் விட்டார். அவை நாள் முழுக்கப் பட்டியை ஒட்டியே சுற்றி வந்தன. வெளியே விட்ட ஐந்தும் உள்ளே இருந்த சர்க்கரைக்கு வர முடியாமல் வெளியிலேயே சுற்றின. ஒரு ஈயை விட்டுப் பார்த்தார். அதற்கும் அதே கதிதான். கடைசியில் பட்டியின் இரண்டு முனைகளும் சேருகிற இடத்தைத் தேடி, பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்து, பிளேடால் ஒரு அங்குலம் பிரித்துவிட்டார். தண்ணீர், எறும்பு, ஈ எல்லாம் அந்த ஒரு அங்குலத்தின் வழியாக வரிசையாக வெளியே வந்தன. இரு திசையிலும் தடை, இணைப்பில் மட்டும் வழி என்று நோட்டில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

கண்ணகியின் ஊரான அச்சரப்பாக்கத்துக்குப் போய் அவர் இதைச் சொன்னபோது அவளுக்கு வந்தது ஆச்சரியமல்ல, கோபம். "தெச்ச ஓரத்த எவன் சார் பிரிக்கச் சொன்னது?" என்று கேட்டாள். அவள் சுபாவமே அப்படி. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் நாலு வருஷம் இருந்தவள். பட்டியின் முனைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து அடித்துத் தள்ளு, அந்த முடிச்சை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மேஸ்திரி சொன்ன அன்றைக்குக் கத்திரிக்கோலை வைத்துவிட்டு வந்துவிட்டாள். தையலை மூலையில் ஆரம்பிக்கவே மாட்டாள். ஒரு பக்கத்தின் நடுவில், பட்டியில் ஒரு சாண் தொங்கவிட்டு ஆரம்பிப்பாள். மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்தி, பட்டியை மேலே மடித்துக் கீழே இறக்குவாள். மூலை தபால் கவரின் மூலை மாதிரி வந்து உட்காரும். மூலையை ஒழுங்காக மடிக்கிற கெட்டிக்காரிகளும் கடைசி இணைப்பில்தான் வந்து மாட்டிக்கொள்வார்கள். கண்ணகி இரண்டு முனைகளையும் சாய்வாக வெட்டி, சேர்த்து, விரித்து, பின்புறம் திருப்பிக் கையால் பொடித் தையல் போட்டால் எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்று தெரியாது. விஷயம் அவ்வளவுதான். தண்ணீர் நிற்பதைப் பற்றி அவளிடம் யாராவது வியந்தால், பின்னே நிற்காதா என்பாள்.

அணுபுரத்துக்கு மீன் கொண்டுவருகிறவள் எல்லம்மாள். லதா வீட்டில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மேசை மேல் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, அரிவாள்மனையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அவள் வீடு சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில், கடலை ஒட்டிய முதல் வீடு. பதினாறடிக்குப் பன்னிரண்டடி. தலையில் கூடை சுமந்து, தெருத்தெருவாகக் கத்தி, செங்கல் செங்கலாக அவள் கட்டியது. போன வருஷம் பின்சுவருக்கும் அலைக்கும் நடுவே எண்பதடி இருந்தது. இந்த வருஷம் முப்பது. புருஷன் அப்பாசாமி, வீடு எப்படியும் போகத்தான் போகிறது, மேட்டு நிலத்தில் அரசாங்கம் கொடுக்கிற குடியிருப்புக்குப் போய்விடலாம் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு வந்தாலே எல்லம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மறுநாளே திருக்கழுக்குன்றம் போய், செங்கல்பட்டில் பஸ் மாறி, விசாரித்து விசாரித்துக் கண்ணகி வீட்டில் போய் நின்றாள்.

"என் வூட்டச் சுத்தி ஒரு ஓரம் தெச்சிக் குடும்மா" என்றாள்.

"இன்னாக்கா வெளையாட்றியா? நான் டம்ளர் வெக்கிற மேட் தைக்கறவ."

"என் வூடும் சின்னதுதாம்மே. வந்து பாரேன்."

கண்ணகி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு, மூன்றும் சேர்ந்திருந்தால்தானே ஓரம் தைக்க முடியும், உன் வீட்டில் எது எது என்று கேட்டாள். மேலே கூரை, கீழே மணல், நடுவில் நானும் அந்த மனுஷனும் என்றாள் எல்லம்மாள். கண்ணகி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, கணக்கு சரிதான் என்று ஒத்துக்கொண்டாள். அவள் கணவன் வெங்கடேசன் டிராக்டர் துடைத்துக்கொண்டே, "அப்டியே நம்ம ஏரிக்கும் ஒண்ணு தெச்சி வுடு" என்று கிண்டல் பண்ணினான்.

கார்த்திகை கடைசியில் வேலை ஆரம்பித்தது. எல்லம்மாளின் பருத்திச் சேலைகள் ஒன்பதைக் கிழித்து, இரண்டாக மடித்து, எழுபதடிக்குப் பட்டி தயாரானது. வீட்டில் வளைவு ஏதும் இல்லாததால் துணியைக் குறுக்காக வெட்டத் தேவைப்படவில்லை. வலை பின்னுகிற ஊசியால் மணலோடு சேர்த்துத் தைத்தாள். காய்ந்த மணலில் தையல் நிற்காது, ஈர மணலில் நன்றாகவே நிற்கும். இன்றைக்கு இது எல்லோருக்கும் தெரியும், அன்றைக்கு அவள்தான் கண்டுபிடித்தாள். குப்பமே வேடிக்கை பார்த்தது. கடலுக்கே பார்டர் அடிக்கிறாங்கப்பா என்று சிரித்தவர்களை எல்லம்மாள் வாயில் வந்ததைச் சொல்லித் துரத்தினாள். வடகிழக்கு மூலை சரியாக உட்காரவில்லை என்று கண்ணகி அரை நாள் வேலையைப் பிரித்துப் போட்டு மறுபடி தைத்தாள். ஆரம்பத்தையும் முடிவையும் கடலுக்கு முதுகைக் காட்டுகிற மேற்குப் பக்கத்தில், வாசலுக்கு நேராக வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் அப்பாசாமி தலையணையைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக் குடியிருப்புக்குக் கிளம்பிவிட்டார். துணியைச் சுத்தி வெச்சிகினு கடலோட மல்லுக்கட்றவகூட நான் இருக்க மாட்டேன், இனி இந்த வாசப்படி மிதிச்சா கேள் என்று தெருவில் நின்று கத்திவிட்டுப் போனார். முப்பது வருஷம் ஒன்றாகக் கஞ்சி குடித்தவர். எல்லம்மாள் பதிலுக்குக் கத்தினாள், அப்புறம் உள்ளே போய் அழுதாள். மறுநாள் காலை புயல் எச்சரிக்கை வந்தது.

பகல் பதினோரு மணிக்கு அலை பட்டியைத் தொட்டது. தைக்க மிச்சமிருந்தது வாசலுக்கு நேரே இரண்டடி. கண்ணகி முனைகளைச் சாய்வாக வெட்டி ஊசியில் நூலும் கோத்துவிட்டாள். நீ உள்ளே இருக்கப் போகிறாயா வெளியே வருகிறாயா, தைத்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது என்று கேட்டாள். உள்ளேதான், தை என்றாள் எல்லம்மாள். கண்ணகி ஊசியை மணலில் இறக்கும்போது எல்லம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு வந்தாருன்னா?"

"வர மாட்டேன்னு சொல்ட்டுத்தானேக்கா போனாரு."

"சொல்வாரு. வந்தாருன்னா எப்டி உள்ள வருவாரு?"

அவர் வந்து பார்த்து வெளியிலேயே திரும்பிப் போகும்படி விட்டுவிட்டு எனக்கு வீடு எதற்கு என்றாள். அந்த வழியாகத்தான் கடலும் வரும் என்று கண்ணகி சொன்னாள். வரட்டும் என்றாள் எல்லம்மாள். வேறு வழியில்லாமல் கண்ணகி தைக்காத முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துப் போட்டாள், ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு. வாழ்க்கையில் அவள் செய்த ஒரே அசிங்கமான வேலை அது. மேட்டை நோக்கி ஓடும்போது தேம்பித் தேம்பி அழுதாள். புயலுக்குப் பயந்து அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று அந்தக் குப்பத்தில் பதினொரு வீடுகள் போயின. உயிர்ச்சேதம் இல்லை. எல்லம்மாள் வீட்டைச் சுற்றிக் கடல் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. உள்ளே அடுப்பு எரிந்தது. மதியம் ஒன்றரைக்குக் கடல் அந்த இணைப்பைக் கண்டுபிடித்தது. மடிப்பைத் தள்ளிக்கொண்டு மெல்ல உள்ளே வந்து, கணுக்கால் வரை ஏறி, சாயங்காலம் வந்த வழியே திரும்பிப் போனது. இரண்டு கெளுத்தியை விட்டுப் போயிருந்தது. எல்லம்மாள் குழம்பு வைத்தாள்.

சுற்றிலும் மணல் கரைந்துவிட்டது. பட்டிக்கு உள்ளே இருக்கிற மணல் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்பதால் வீடு இப்போது கடலுக்குள் இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் முழங்கால் நனைய நடந்து போகலாம். கேஸ் சிலிண்டர், தேர்தல் சீட்டு, காக்கை எல்லாம் அந்த இரண்டடி வழியாகத்தான் உள்ளே போகின்றன. கோபாலகிருஷ்ணன் இரண்டு முறை வந்து அளந்து, நோட்டில் ஏழு பக்கம் எழுதிக்கொண்டு போனார். கண்ணகி மாதம் ஒருமுறை ஊசியும் நூலுமாக வருவாள். அந்த இணைப்பு அப்படிக் கிடப்பதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. எல்லம்மாள் அவளைத் தைக்க விடமாட்டாள்; மீன் குழம்பு போட்டு அனுப்பிவிடுவாள். அப்பாசாமி தினமும் படகில் அந்தப் பக்கமாகப் போவார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வாய்விட்டுச் சொன்ன சொல் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. இப்படியே ஒரு வருஷமும் நாலு மாதமும் போயின.

பங்குனியில் ஒரு நாள் கண்ணகி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் ஏறியது. கடல் வழக்கம்போல ஒருக்களித்து உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே அப்பாசாமியும் ஒருக்களித்து வந்தார், லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி. படகை வெளியே கட்டியிருந்தார். அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எல்லம்மாளைப் பார்க்கவில்லை.

"வூடு நல்லாத்தான் கீது" என்றார்.

"சாப்டியா?" என்று கேட்டாள் எல்லம்மாள். கேட்டுக்கொண்டே தட்டை எடுத்து வைத்தாள்.

நாலு மணிக்குத் தண்ணீர் வெளியே போனது. அப்பாசாமி கட்டிலில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டார். கண்ணகி பையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

"அதான் ரெண்டு பேரும் உள்ள வந்துட்டீங்களேக்கா. வெளிய நின்னு நறுக்குனு முடிச்சிட்டுப் போய்டறேன். ஒரு சொட்டு உள்ள வராது."

எல்லம்மாள் தட்டுகளைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாலிக்கு நீ எப்டிம்மே வருவ?"

கண்ணகி ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு, ஒருக்களித்து வெளியே வந்து, முழங்கால் தண்ணீரில் நடந்து போய் ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தாள்.