முட்டுச்சந்துக் குடல்

ஆய்வகத்தில் அவளைக் ‘கத்தியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மண்ணில் வாழும் உண்ணிகளைப் பிசினில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெலிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது அவள் வேலை. கடுகில் கால்வாசிகூட இல்லாத ஓர் உண்ணியை ஐந்நூறு சீவலாக்கிவிடுவாள்.

அன்று காலை ஒரு சிவப்பு உண்ணியின் உணவுக்குழாயை, வாயிலிருந்து சீவல் சீவலாக நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தாள். அது மூளைக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வந்தது. உண்ணிகளுக்கு அப்படித்தான், அவளுக்கு அது புதிதில்லை. பிறகு குடல் அகன்றது, கிளைவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டாவது சீவலில் காணவே காணோம்.

அவளுக்குத் திக்கென்றது. எதையாவது தவறவிட்டோமா? எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை.

மதியம் கணவரைப் போனில் கூப்பிட்டாள். அவர் குழாய் ரிப்பேர் பார்ப்பவர்.

“ஏங்க, ஒரு குழாய். உள்ள போகுது, வெளிய வரல. கடைசில மூடியிருக்கு.”

“அடைப்பா இருக்கும்.”

“இல்லங்க, கட்டும்போதே மூடிக் கட்டின மாதிரி.”

எந்தத் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தாரோ, குரல் எதிரொலித்தது. “அப்போ கழிவுக்குத் தனி லைன் போட்டிருப்பாங்க. மேல பாரு. எல்லாரும் கீழயே தேடுவாங்க.”

சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு ஓடினாள். குடலுக்கு மேலே, மடிப்பு என்று நினைத்து விட்டிருந்த இடத்தில், ஒரு மெல்லிய குழாய். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கழிவுப் பொடி. குடலோடு எங்கும் சேராமல் தன்பாட்டுக்குப் போய், பின்பக்கம் வெளியே திறந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒன்றை நம்பிப் பேச முடியாது. மறுநாள் முழுக்க இன்னொரு உண்ணியைச் சீவினாள். அதிலும் அதே மூடிய குடல், அதே தனிக்குழாய்.

வீட்டுக்குக் கிளம்பிய பேராசிரியை, அவள் கூப்பிட்டதும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

“சில வகைல இப்படி இருக்கும்னு தெரியும். இந்த வகைய இதுவரைக்கும் யாரும் திறந்தே பார்த்ததில்ல. மேல தேடணும்னு எப்படித் தோணுச்சு?”

“வீட்டுக்காரர் சொன்னார் மேடம்.”

“அவரும் நம்ம துறையா?”

“குழாய் ரிப்பேர்.”

பேராசிரியை சிரித்த சிரிப்பில் பை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பதிச்சு வச்சது இன்னும் இருக்கா?”

“நாலு இருக்கு மேடம்,” என்று சொல்லும்போதே அவள் கத்தியைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.