என் பக்கத்து ஆக்சிலேட்டர்

தபால்ல வந்த கவரை என் பொண்டாட்டி பிரிச்சு, முழுசாப் படிச்சு, ஒரு வார்த்தை பேசாம என் தட்டுக்குப் பக்கத்துல வெச்சா. அவ பேசாம ஒரு காரியம் செஞ்சா, பெருசா ஏதோ வரப் போகுதுன்னு அர்த்தம். எடுத்துப் பார்த்தேன். அம்பதுல போக வேண்டிய ரோட்டுல எழுபத்தொண்ணுல போயிருக்கு நம்ம வண்டி. கூடவே கம்பத்துல இருக்கற கேமரா எடுத்த போட்டோ.

ஸ்டியரிங் பிடிச்சிருந்தது என் கொழுந்தியா. ரெண்டு கையும் நான் சொல்லிக் கொடுத்த இடத்துல, முதுகு நேரா, பள்ளிக்கூடத்துல முதல் பெஞ்சுப் பொண்ணு மாதிரி. பக்கத்து சீட்ல நான். வாயை ஆன்னு திறந்து, விரலை நீட்டி, அவளைப் பார்த்துக் கத்திட்டிருக்கேன். எங்க தலைக்கு மேல, வண்டிக் கூரையில, என் டிரைவிங் ஸ்கூல் போர்டு. 'பொறுமையே எங்கள் முதல் பாடம்'னு அதுல எழுதியிருக்கறது கூட அந்தப் பாழாப்போன போட்டோவுல தெளிவாத் தெரியுது.

அவளைப் பத்திச் சொல்லிடறேன். ஏழு மாசத்துக்கு முன்னாடி புருஷனை விட்டுட்டு ரெண்டு பையோட வந்தா. பத்து நாள்தான்னு சொன்னா. என் ஆபீஸ் ரூமைக் கொடுத்தோம். அன்னிலேர்ந்து என் பைலெல்லாம் துணி காயப் போடற இடத்துல கிடக்கு. குழாயைச் சரியா மூட மாட்டா. என் மூக்குக் கண்ணாடியை எடுத்து எங்கயோ வெச்சுட்டு, நான் வீடெல்லாம் தேடினப்புறம் 'இங்கதானே இருக்கு'ம்பா. எனக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அதுல ஒளிவு மறைவு கிடையாது.

ஆனா அவ நர்ஸ். வீடு வீடாப் போய் படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பாக்கற வேலை ஒண்ணு கிடைச்சிருந்துது, தங்க ஒரு ரூமோட. ஒண்ணாம் தேதிக்குள்ள லைசென்ஸ் காட்டணும், அது ஒண்ணுதான் நிபந்தனை. வர்ற வியாழக்கிழமை டெஸ்ட். அவளுக்கு வேலை, எனக்கு என் ரூம். அதுக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்லிக் கொடுத்தேன்.

இப்ப இந்தக் கவர். கத்துக்கறவங்க வேகத்துல மாட்டினா பழகுநர் சீட்டு ரத்து, ஆறு மாசத்துக்கு டெஸ்ட் பக்கமே போக முடியாது. வண்டியை ஓட்டினது யாருன்னு எழுதி, வண்டி சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டு, திங்கக்கிழமைக்குள்ள கொடுக்கணும். வண்டி என் பொண்டாட்டி பேர்ல இருக்கு.

"யாரு பேரை எழுதட்டும்?"னு கேட்டா.

"இதுல கேள்வி வேறயா? போட்டோவுல இருக்கே, கண்ணு தெரியலையா?"

"உங்க பேரை எழுதறேனே. மாஸ்டர்னு பக்கத்துல நீங்கதானே இருந்தீங்க."

"நான் என்ன இளிச்சவாயனா? ஏற்கெனவே என் மேல ஒரு எச்சரிக்கை இருக்கு. இன்னொண்ணு விழுந்தா மூணு மாசம் ஸ்கூலுக்குப் பூட்டுதான். அப்புறம் உன் தங்கச்சி நம்மளை உக்கார வெச்சு சோறு போடுவாளா?"

பாத்திரம் கழுவிட்டிருந்த கொழுந்தியா திரும்பாமயே சொன்னா. "என் பேரையே எழுதுக்கா. ஓட்டினது நான்தானே."

அழல. சண்டைக்கு வரல. குழாயை, அன்னிக்கு மட்டும், சரியா மூடினா. எதிர்த்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

"தப்பு பண்ணினா ஒத்துக்கணும். அதான் மனுஷனுக்கு அழகு"ன்னு நான் வேற ஒரு பிரசங்கம் பண்ணினேன். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம் ஒருத்தன். அது நான்தான்.

ஏன்னா டிரைவிங் ஸ்கூல் வண்டியில மாஸ்டர் பக்கமும் பிரேக் உண்டு, கிளட்ச் உண்டு. எங்க வண்டியில ஆக்சிலேட்டரும் உண்டு. ஆளுங்க கத்துக்கும்போது அதை மேல மடக்கி ஒரு கொக்கியில மாட்டி வைக்கணும்னு சட்டம். நான் மாட்ட மாட்டேன். பதினோரு வருஷமா மாட்டினதில்லை. பயந்தாங்கொள்ளிங்க வருவாங்க, முப்பதைத் தாண்ட மாட்டாங்க, பின்னாடி ஹாரன் அடிச்சா அழுதுடுவாங்க. நான் ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கற மாதிரி பார்த்துக்கிட்டு, என் காலால லேசா ஒரு அழுத்து. வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். 'பார்த்தியா, நீயே ஓட்டிட்டே'ம்பேன். முகம் அப்படியே மலர்ந்துடும். அடுத்த வாரம் நெஜமாவே தானா ஓட்டுவாங்க. என் கிட்ட கத்துக்கிட்டவங்க பாஸாகறதோட ரகசியம் அந்த ஒரு மிதிதான். என் பொண்டாட்டி கூட இதே வண்டியில என் கிட்ட கத்துக்கிட்டவதான். ரெண்டாவது வாரமே மேம்பாலத்துல லாரியை முந்தின கதையை இன்னிக்கும் வர்றவங்க போறவங்க கிட்டெல்லாம் சொல்லுவா. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டுவேன்.

போட்டோவுல விழுந்த அன்னிக்கு நடந்தது இதுதான். குடோன் வரிசைக்குப் பக்கத்துல இருக்கற நீள ரோடு. அவ முப்பதுல உருட்டிட்டிருந்தா. நான் காலையில கண்ணாடி தேடின எரிச்சல்ல இருந்தேன். "குழாயை மூடு"ன்னு ஆரம்பிச்சது எங்கயோ போச்சு. "நான் உங்க வீட்டுல ஓசியில உக்காந்திருக்கேன்னுதானே இவ்வளவு பேசறீங்க, மாமா?"ன்னா. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. கத்த ஆரம்பிச்சேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்லுவாங்க. எனக்குப் புத்தியோட சேர்த்து காலும் போச்சு. வாய் எவ்வளவு திறந்துதோ அவ்வளவு கால் இறங்கிச்சு. கேமரா பளிச்சுன்னு அடிச்சப்புறம்தான் காலை எடுத்தேன்.

"என்ன பண்ணித் தொலைச்சே?"ன்னு அவளைத்தான் கேட்டேன். அவ தன் காலையே குனிஞ்சு பார்த்தா. "தெரியல மாமா. எப்படி இவ்வளவு அழுத்தினேன்னு தெரியல"ன்னா.

சனிக்கிழமை காலையில டீ போட சமையல் ரூமுக்குப் போனேன். கொழுந்தியா நாற்காலியில உக்காந்து, எடை பாக்கற மிஷினை முன்னாடி போட்டு, அது மேல வலது காலை வெச்சிருந்தா. என் பொண்டாட்டி கீழ உக்காந்து முள்ளைப் பார்த்துச் சொல்லிட்டிருந்தா. "ரெண்டு கிலோ. இப்ப மூணு. ஏய், அஞ்சு ஆயிடுச்சு, குறை."

"என்ன கூத்து இது?"ன்னேன்.

"கால் எவ்வளவு அழுத்துதுன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. அதான் பழகிக்கறேன்"ன்னா கொழுந்தியா. என்னைப் பார்க்கல. "அவரும் இதைத்தான் சொல்லுவாரு. என் கையும் காலும் எனக்கே அடங்காதுன்னு. நான் அவர் சும்மா சொல்றாருன்னு நெனைச்சிட்டிருந்தேன்."

அவர்னா அவ விட்டுட்டு வந்த புருஷன்.

நான் டீ போடாமலே திரும்பி வந்துட்டேன். எனக்கு அவ மேல பாசம் பொங்கிடுச்சுன்னு நெனைக்காதீங்க. கோவம்தான் வந்துது. கவர் வந்ததுலேர்ந்து ஒரு சண்டை போடாம, செய்யாத தப்பைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு, காலை எடை போட்டுட்டு இருக்காளேன்னு கோவம். என்னை இப்படி ஒரு கேவலமான இடத்துல கொண்டு வந்து நிறுத்திட்டாளேன்னு கோவம். ஞாயித்துக்கிழமை பூரா யார் மேலயோ எரிஞ்சு விழுந்துட்டிருந்தேன். வீட்டு நாய் கூட என் பக்கம் வரல.

திங்கக்கிழமை மூணு பேரும் போக்குவரத்து ஆபீஸுக்குப் போனோம். பொண்டாட்டி தங்கச்சி பேரை எழுதி முடிச்சு, கையெழுத்துப் போடப் பேனாவை வெச்சா. நான் காகிதத்தைப் பிடுங்கினேன்.

"அவ இல்லை. நான்தான் அழுத்தினேன்."

கவுண்டர்ல இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா நிமிர்ந்து கூடப் பார்க்கல. "சார், தினம் பத்துப் பேர் இப்படி வர்றாங்க. புள்ளைக்குப் பதிலா அப்பன், பொண்டாட்டிக்குப் பதிலா புருஷன். போட்டோவுல ஸ்டியரிங் யார் கையில இருக்கு?"

"ஸ்டியரிங் அவ கையில. ஆக்சிலேட்டர் என் கால்ல. என் பக்கமும் ஒண்ணு இருக்கு."

"அதைக் கொக்கியில மாட்டி வைக்கணுமே."

"மாட்டல."

இப்பதான் நிமிர்ந்தாங்க. போட்டோவைக் கையில எடுத்து என் வாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "இதுல என்ன சொல்லிட்டிருக்கீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எழுதணும் சார். வேகம் எதனாலன்னு ஒரு கட்டம் இருக்கு."

கொழுந்தியா என்னையே பார்த்துட்டு நின்னா. அந்த வார்த்தையை ரோட்டுல சொன்னப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. ட்யூப் லைட்டுக்குக் கீழ, வரிசையில நிக்கறவங்க முன்னாடி, கவுண்டர் விளிம்பைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்.

"'உன் புருஷன் சொன்னது சரிதான், உனக்கு ஒரு வேலையும் உருப்படியா செய்யத் தெரியாது'ன்னு சொல்லிட்டிருந்தேன்."

அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. அப்புறம் டார்ச்சை எடுத்துக்கிட்டு வண்டியைப் பார்க்கணும்னாங்க. வாசல்ல என் பக்கத்துக் கதவைத் திறந்து குனிஞ்சாங்க. கொக்கி புதுசா, கடையில வாங்கின பளபளப்போட இருந்துது. ஆக்சிலேட்டர் ரப்பர் என் செருப்பு பட்டுப் பட்டு மழமழன்னு தேய்ஞ்சு, ஓரத்துல இரும்பே தெரிஞ்சுது. ஓட்டறவங்க பக்கத்து ரப்பர் கூட அவ்வளவு தேயல.

"நம்பறேன்"ன்னாங்க. "ஒண்ணாம் தேதிலேர்ந்து மூணு மாசம் நீங்க யாருக்கும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அபராதமும் உங்களுக்குத்தான். அந்தப் பொண்ணோட சீட்டு செல்லும். வியாழக்கிழமை டெஸ்ட்டுக்கு வரட்டும்."

அவங்க உள்ள போனப்புறம் கொழுந்தியா வாயைத் திறந்தா. நன்றி கின்றின்னு ஏதாவது சொல்லித் தொலைக்கப் போறாளேன்னு நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

"நீங்க என்னைத் திட்டினது கூடப் பரவாயில்ல மாமா. அன்னிலேர்ந்து என் காலை நானே நம்பல. ஒரு ஊசி போடவே இனிமே கை வருமான்னு பயந்துட்டிருந்தேன். தெரிஞ்சுக்கிட்டே பார்த்துட்டு இருந்தீங்களே, நீங்கல்லாம் மனுஷன்தானா?"

சாவிக்குக் கையை நீட்டினா. கொடுத்தேன்.

"வண்டியில ஏறுங்க. வீடு வரைக்கும் நான் ஓட்டறேன். ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வெச்சு சம்மணம் போட்டு உக்காருங்க. கீழ இறங்கிச்சு, நடுரோட்டுல நிறுத்திடுவேன்."

அம்பத்துமூணு வயசுல முன் சீட்டுல சம்மணம் போட்டு உக்காந்து போனேன். முட்டி கதவுல இடிச்சுது. குடோன் ரோடு வந்துது. கண்ணாடி பார்த்தா, கியர் மாத்தினா. முப்பத்தஞ்சு, நாப்பது, நாப்பத்தஞ்சு. முள்ளு அங்கயே நின்னுது. கேமரா கம்பத்தைத் தாண்டும்போது என் வலது கால் தன்னால துடிச்சுது, கையால பிடிச்சு வெச்சேன். நல்லாத்தான் ஓட்டினா. எனக்கு அது இன்னும் எரிச்சலா இருந்துது.

பின் சீட்டுல என் பொண்டாட்டி அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. 

"என்னங்க."

"என்ன?"

"அந்த ரப்பர் எப்பலேர்ந்து தேயுது?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"மேம்பாலத்துல அந்த லாரி"ன்னா. மெதுவாத்தான் கேட்டா. "அதை முந்தினது நானா, நீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துது. போன வாரம் கூடப் பக்கத்து வீட்டுக்காரி கிட்ட அந்தக் கதையைச் சொன்னா. 'நான் அப்பவே பயப்படல'ன்னு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னா. நானும் தலையாட்டினேன்.

"நான்தான்"னேன்.

 என் பொண்டாட்டி தங்கச்சி கிட்ட, "ஓரமா நிறுத்துடி"ன்னா. அவ கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மெதுவா ஓரம் கட்டினா. ஒரு குத்தம் சொல்ல முடியாது.

"இறங்குங்க."

"என்ன விளையாட்டு இது? வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கு."

"நடந்து வாங்க."

"லைசென்ஸ் உள்ளவங்க பக்கத்துல இருக்கணும். சட்டம்."

"என் கிட்ட இருக்கே"ன்னா. "அதுவாவது என்னோடதுதானே?"

நான் காலைப் பிரிச்சு இறங்கினேன். ஒரு கால் மரத்துப் போயிருந்துது. என் பொண்டாட்டி முன்னாடி வந்து என் சீட்டுல உக்காந்து, குனிஞ்சு, அந்த மிதியை மேல மடக்கினா. கொக்கி டக்குன்னு விழுந்துது. பதினோரு வருஷத்துல அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

வண்டி குலுங்காமக் கிளம்பிச்சு. அக்காளும் தங்கச்சியும் திரும்பிப் பார்க்கல. முப்பது, நாப்பது, நாப்பத்தஞ்சு. வெளியில நின்னு பார்த்தாலே எனக்கு வேகம் தெரியும். மரத்துப் போன காலை ரெண்டு தரம் தரையில தட்டிட்டு நடக்க ஆரம்பிச்சேன்.