இருபது அடி

அந்தக் காரின் குடலை உருவிப் போட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. உருவியவன் லிப்ட்காரன். நகரத்தின் பெரிய கட்டடங்களில் பாதி அவனை நம்பித்தான் ஏறி இறங்குகின்றன. எங்காவது லிப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் அரை மணியில் போய் நிற்பான். அந்தச் சுறுசுறுப்பெல்லாம் வேலை செய்யும் இடத்தோடு சரி. தன் அக்கா வீட்டு முற்றத்தில், தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் இந்தக் காரின் விஷயத்தில் மட்டும் எதைக் கேட்டாலும் பத்து நாள் என்பான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அக்கா அவனுக்கு அதையே பெயராக வைத்துவிட்டாள். "பத்து நாள் வந்திருக்கான், டீ போடணும்" என்பாள்.

கார் அக்கா வீட்டுக்காரருடையது. மாமா முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். நாற்பதுக்கு மேல் வேகம் போகாதபடி பூட்டுப் போட்ட பஸ். பின்னால் கத்துகிற பிள்ளைகளும் முன்னால் சிக்னலுமாகவே ஆயுசு போய்விட்டது. அப்படிப்பட்ட சாது மனிதர் ஐம்பத்தாறு வயதில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். அக்கா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் காரணம் தெரிந்ததும் உட்கார்ந்து அழுதாள்.

மாமாவின் பார்வை ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல இருக்கிறது என்றார். குழாய் மாதத்துக்கு மாதம் குறுகியது. இதற்கு மருந்து கிடையாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். பகலில், நல்ல வெளிச்சத்தில், ஒரு வருடம் ஓட்டலாம். பிறகு சோதித்துப் பார்த்துவிட்டு உரிமத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் தடத்தை, ஆள் இல்லாத சமயத்தில், எழுதிக் கேட்டால் ஒரு மணி நேரம் விடுவார்கள். முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாமல், வண்டி எவ்வளவு போகுமோ அவ்வளவு போக வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு சாவியைத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

இதைக் கேட்டு உருகிப்போன லிப்ட்காரன், "போறதே போறீங்க, முழுசாப் போங்க மாமா. சூப்பர்சார்ஜர் மாட்டித் தர்றேன். பத்தே நாள்" என்றான். இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றிக்கொண்டு அதன் வாயில் காற்றைத் திணிக்கிற எந்திரம் அது. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், வேகம் கூடும். அது வரைக்கும் நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது.

நாலாவது மாதம் எல்லாம் மாட்டி முடிந்தது. ஒரு நாள் அக்காவும் மாமாவும் வெளியே போயிருந்தபோது, பழைய வயரிங்கிலேயே நாலு வயரை இழுத்துச் சேர்த்து, சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் இருமியது, ஆனால் ஓடியது. இவன் அதை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அந்த வயர்க் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நிறத்துக்கு ஒரு நிறம் சம்பந்தமில்லாமல், ஒட்டும் முறுக்குமாகத் தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. இவ்வளவு நல்ல எந்திரத்துக்கு இப்படி ஒரு வயரிங்கா? ஒட்டுப்போட்டது சூட்டில் உருகினால் என்ன ஆகும் என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் வயர் முழுவதையும் உருவித் தரையில் போட்டுவிட்டான். வண்டி ஓடியது என்று மாமாவிடம் மூச்சு விடவில்லை.

அதன் பிறகு போனது ஏழு மாதம். புதிய வயர் எல்லாமே கறுப்பு. அப்போதுதான் அழகாக இருக்குமாம். ஒவ்வொன்றின் நுனியிலும் எண் அச்சிட்ட சிறு உறை. மூன்று தடவை கட்டினான். ஒரு வளைவு சரியாக வரவில்லை என்று மூன்று தடவையும் பிரித்தான். மாமா தினமும் முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். ஒரு தடவைகூட "எப்போ முடியும்?" என்று கேட்டதில்லை. கேட்காததை லிப்ட்காரன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டான்.

கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கண் சோதனை. அதற்கு முன்னால், இந்த ஞாயிறு மாலை நாலிலிருந்து ஐந்து வரை தடம் மாமாவுக்கு. போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். பகல் பன்னிரண்டுக்குக் கடைசி இணைப்பையும் மாட்டிவிட்டு, லிப்ட்காரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"மாமா, நீங்க சீட்ல உக்காருங்க. நான் இந்தப் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழ படுத்துக்கறேன். சாவிய ஒரு கட்டம் மட்டும் திருப்புங்க. ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் சின்னதா மஞ்ச லைட் ஒண்ணு இருக்கு. ரெண்டு செகண்ட் எரிஞ்சு அணையும். எரிஞ்சா கம்ப்யூட்டர் பெட்டி முழிச்சுக்கிச்சுன்னு அர்த்தம்."

"எரியலன்னா?"

"ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பெட்டி தூங்கறப்ப இன்ஜின எழுப்பினா, காத்து நிறைய வரும், பெட்ரோல் பத்தாது. பிஸ்டன் உருகிடும். அதோட கதை முடிஞ்சுது."

மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற முதல் நாள் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சாவியைத் திருப்பினார்.

"வரல" என்றார்.

"நல்லாப் பாருங்க. இன்னொரு தடவை."

"வரல மாப்ள."

லிப்ட்காரன் ஃபியூஸைப் பார்த்தான். நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றினான். வரவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்பக்கமாகக் கையை விட்டு, பல்பைக் கழற்றிப் புதிய பல்பு போட்டான். வரவில்லை. எர்த் வயரைச் சுரண்டித் திரும்ப முடுக்கினான். மல்லாந்து படுத்து, முகத்தின் மேல் வயர்கள் தொங்க, மீட்டரின் முனையைப் பல்பு மாட்டிய இடத்தில் வைத்துக்கொண்டு திருப்பச் சொன்னான். பன்னிரண்டு வோல்ட் வந்தது, இரண்டு நொடி நின்றது, போனது. கரண்ட் வருகிறது. பல்பு புதுசு. எர்த் இருக்கிறது. பிறகு ஏன் எரியவில்லை? இருபது வருடத் தொழிலில் இப்படி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

மணி இரண்டாயிற்று. அவன் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை நழுவி நெற்றியில் விழுந்தது.

"மாமா, கண்ணுல விளக்கெண்ணெய விட்டுட்டுப் பாருங்க. லேசா மினுக்குனாக்கூடச் சொல்லுங்க."

"அதையேதான் பாத்துட்டிருக்கேன்டா. வரல."

இனி ஒரே வழிதான் இருந்தது. கத்தியை எடுத்தான். ஏழு மாதமாக வரிசை பிசகாமல் சுற்றிய டேப்பை, கழுத்திலிருந்து கடைசி வரை, ஒரே இழுப்பில் கிழித்தான். கறுப்பு வயர்கள் அவன் மார்பில் சரிந்தன. எங்கே அறுந்திருக்கிறது, எங்கே நசுங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக நகத்தால் தடவிக்கொண்டே போனான். அழகு பார்த்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவனுக்கு வெட்கமாக இருந்தது. எரிந்தால் போதும், கயிற்றால் கட்டித் தொங்கினாலும் போதும் என்று நினைத்தான். ஃபியூஸைச் சந்தேகப்பட்டான், ரிலேயைச் சந்தேகப்பட்டான், தன் கையையே சந்தேகப்பட்டான். சந்தேகப்படாதது ஒன்றே ஒன்றுதான்.

"திருப்புங்க மாமா."

"வரல."

"திருப்புங்க."

"வரல மாப்ள. வரல."

டீயோடு வந்த அக்கா டிரைவர் பக்கக் கதவருகில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தாள்.

"என்ன வரல வரலங்கறீங்க? அந்த மஞ்ச லைட்டா? இப்பதான எரிஞ்சு அணைஞ்சுது."

லிப்ட்காரன் வயர்களை விலக்கிக்கொண்டு மெல்ல எழுந்தான். தலை கதவில் இடித்தது, அது அவனுக்குத் தெரியவில்லை. மாமாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி, "இன்னும் ஒரே ஒரு தடவை மாமா" என்றான்.

மாமா திருப்பினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. எலுமிச்சை நிறத்தில், யார் பார்த்தாலும் தெரிகிற வெளிச்சம். மாமாவின் முகம் அதன் பக்கம்தான் இருந்தது. ஆனால் குறுகிப்போன குழாயின் வட்டத்துக்குள் அது விழவில்லை. இரண்டு நொடி கழித்து அது அணைந்தது.

"வரல" என்றார் மாமா. பிறகு, யாரும் ஒன்றும் சொல்லாததைக் கவனித்து, சின்னக் குரலில் கேட்டார்.

"வந்துதா?"

அக்கா டீயைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கே வண்டி தயாராக இருந்திருக்கிறது. பழுது வண்டியில் இல்லை.

மாமா ஸ்டீயரிங்கை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, "எரியற லைட் தெரியாதவன எவனாவது ரோட்டுல விடுவானா? நானே விடமாட்டேன்" என்றார். அழுவார் என்று பார்த்தால் அழவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "கதவச் சாத்து. ஸ்டார்ட் பண்றேன்."

"மாமா..."

"தடத்துக்குப் போகல. ஸ்டார்ட் மட்டும்."

கிழித்த டேப்பை அள்ளி ஓரமாகத் தள்ளி, வயர்களைக் கைக்குக் கிடைத்த துணியால் கட்டிவிட்டு, லிப்ட்காரன் வெளியே வந்து நின்றான். இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை. மாமா லேசாக மிதித்ததும் சூப்பர்சார்ஜர் மெலிதாகச் சீறி எழுந்தது. இதைவிடச் சுத்தமான வேலையை அவன் வாழ்நாளில் செய்ததில்லை. காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாப்ள, இங்கருந்து கேட் எவ்வளவு தூரம்?"

"இருபது அடி இருக்கும்."

"முன்னாடி நடந்துட்டே சொல்லு."

கார் நகர்ந்தது. சிங்கம் மாதிரி உறுமுகிற வண்டி, நடை பழகும் குழந்தை மாதிரி இருபது அடி போய் நின்றது. பிறகு ரிவர்ஸில் இருபது அடி. மறுபடி முன்னால். லிப்ட்காரன் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தான். மூன்றாவது தடவை கேட் அருகில் நின்றபோது அவனால் முடியவில்லை. ஜன்னல் பக்கம் வந்து குனிந்தான்.

"மாமா, இது நாலாவது மாசமே ஓடிச்சு. பழைய வயரிங்லயே. பாக்க நல்லா இல்லன்னு நான்தான் பிரிச்சுப் போட்டேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உங்க அக்கா அன்னைக்கு எனக்கு முன்னாடி வந்துட்டா. தெருமுனையிலயே சத்தம் கேட்டிருக்கு. நான் வந்ததும் என்கிட்ட சொல்லிட்டா. அப்பல்லாம் எனக்கு எதிர் வீட்டுக் கதவு நம்பர் நல்லாத் தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா ஒரு வார்த்த கேக்கல? கழுத்தப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நீ கோவிச்சுட்டுப் போயிருவ. உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? பிரிச்சுப் போட்ட வண்டிய வச்சுக்கிட்டு நான் யாருகிட்ட போய் நிப்பேன்? அதான் தினமும் பக்கத்துல உக்காந்து உன் முகத்தையே பாத்துட்டிருந்தேன், இன்னைக்கு முடிப்பானா, நாளைக்கு முடிப்பானான்னு."

மன்னித்துவிட்டேன் என்று மாமா சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. ரிவர்ஸ் போட்டுக் கூரைக்கு அடியில் பழைய இடத்துக்கே போய் நின்றார். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"மணி நாலு ஆச்சா?" என்று மாமா உள்ளேயிருந்து கேட்டார்.

"ஆச்சு மாமா."

"அப்ப என் நேரம் ஆரம்பிச்சிருச்சு. வா, முன்னாடி நில்லு."

லிப்ட்காரன் போய் நின்றான். கார் புறப்பட்டது. இந்தத் தடவை மாமா கொஞ்சம் அதிகமாகவே மிதித்தார். பானெட் அவன் உள்ளங்கையில் அதிர்ந்தது.

"பதினஞ்சு அடி மாமா," என்றான். "பத்து. எட்டு..." அதற்கு மேல் வாய் குழறியது. முதுகுக்குப் பின்னால் கேட் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அழாமச் சொல்லுடா," என்றார் மாமா. "உன் வாய நம்பித்தான் ஓட்டறேன்."