சூசையின் துப்பாக்கி

அப்பாவின் விறைத்த விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டு ஏஞ்சலின் மறுபடியும் வாசலைப் பார்த்தாள். அத்தை வரவில்லை. சவப்பெட்டி கொண்டுவந்தவர் மூடியைச் சுவரில் சாத்திவிட்டுக் காத்திருந்தார். கூடப்பிறந்தவள் முகம் பார்க்காமல் மூடச் சொல்ல ஏஞ்சலினுக்கு மனசு வரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வர இவ்வளவு நேரமா?

வரமாட்டாள் என்பதும் தெரிந்ததுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, அத்தை செபாஸ்தியம்மாளின் புருஷனைத் தாடிக்கொம்பு ரோட்டில் யாரோ சுட்டுப் போட்டுவிட்டார்கள். அவருக்கும் அப்பா சூசைக்கும் வீட்டுமனைத் தகராறு. அப்பா பட்டாளத்திலிருந்து வந்து பேங்க்கில் வாட்ச்மேனாக இருந்தவர். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். ஞாயிறு பூசைக்குப் போகுமுன் அதைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைப்பது பட்டாளத்துப் பழக்கம். மறுநாளும் துடைத்தார், பாவி மனுஷன்! போலீஸ் வந்தபோது குழல் பளபளவென்று இருந்தது. தடயத்தை அழித்துவிட்டான் என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாமாவைச் சுட்ட இடத்தில் கிடந்த வெற்றுத் தோட்டா இந்தத் துப்பாக்கியுடையதா என்று நிபுணர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜெயிலும் இல்லை, விடுதலையும் இல்லை. வேலை போயிற்று. ஏஞ்சலினைப் பெண் கேட்டு வந்தவர்களும் தெருமுனையோடு திரும்பினார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றிய இஷாக் ஏட்டு பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்குத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்தவர் அவர்தான்.

"எப்பம்மா?"

"விடியக்காலைல சார். நெஞ்சு வலி."

"அல்லாவே! நல்ல சேதி சொல்லத்தாம்மா ஓடியாந்தேன். சென்னையில கம்ப்யூட்டர் வந்துருக்கு. தோட்டா பின்னாடி துப்பாக்கி ஊசி குத்துன தடம் இருக்கும்ல, அதைப் படம் புடிச்சு ஏத்துனா, எந்தத் துப்பாக்கியோட ஒத்துப்போகுதுன்னு தேடிக் குடுக்குது. பழைய கேஸையெல்லாம் ஏத்திருக்காங்க. வேடசந்தூர்ல ஒரு திருட்டுக் கும்பல்கிட்ட துப்பாக்கி புடிச்சோம். ஒங்க மாமாவச் சுட்டது அதான்மா. நிபுணருங்களும் லென்ஸ்ல பாத்து உறுதி பண்ணிட்டாங்க. சுட்டவனும் ஒத்துக்கிட்டான்."



"நேத்து வந்துருக்கக் கூடாதா சார்?" என்று ஏஞ்சலின் கத்திவிட்டாள். ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க அத்தைகிட்டப் போய்ச் சொல்லுங்க."

சேதி ஏட்டைவிட வேகமாகத் தெருவைச் சுற்றியது. காலையிலிருந்து எட்டிப் பார்க்காத ஆம்பளைகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"பெட்டிய நாங்க தூக்குறோம்த்தா."

"வண்டி சொல்லியாச்சு" என்றாள் ஏஞ்சலின்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். காலில் செருப்பில்லை. ஒப்பாரி வைப்பாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் பெட்டியோரம் உட்கார்ந்து அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசில என்னயப் பத்தி எதும் சொன்னாரா?"

ஏஞ்சலினுக்குப் பொய் சொல்லலாம் போலிருந்தது.

"இல்லத்தே. தண்ணிதான் கேட்டாரு. நான் கொண்டாரதுக்குள்ள..."

அத்தை எழுந்து அடுப்படிக்குள் போனாள். பெட்டிக்காரர் மூடியை எடுத்தார்.

"செத்த நேரம் பொறுங்கண்ணே" என்றாள் ஏஞ்சலின்.

உள்ளே பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.