பூஜ்யம் கேட்ட ஏணிக்காரர்

பதினொரு வருடமாக இந்த ஒரே கேள்வியைக் கேட்டு என் வாய் தேய்ந்துவிட்டது. "போன ஒரு மாசத்துல உடம்பை எவ்வளவு அசைச்சீங்க?" பதிலுக்குப் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை ஒரு எண் போட வேண்டும். அசையாதவருக்குப் பூஜ்யம், தினமும் ஓடுபவருக்கு ஏழு. உடல்தகுதிப் படிவம் நிரப்ப இந்தத் தீயணைப்பு நிலையத்தில் நான் கேட்டால் எல்லோருமே ஏழுதான். ஒரு மாடி ஏறி வந்து என் நாற்காலியில் தொப்பென்று விழுகிற ஓட்டுநர்கூட ஏழு. மூன்றுக்குக் கீழே போனால் ஏணிப் பிரிவிலிருந்து எடுத்துத் தொலைபேசி அறையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

அன்று வந்த ஏணிக்காரர் மட்டும், "பூஜ்யம் போடுங்க மேடம். ஒரு மாசம் லீவு, வீட்ல சும்மா இருந்தேன்" என்றார்.

அவரவர் சொல்லும் எண்ணைக் குறைத்துத்தான் எனக்குப் பழக்கம், கூட்டிப் பழக்கமில்லை. ஆளோ வாசலையே அடைக்கிற உடம்போடு நிற்கிறார். எரிச்சலாக வந்தது.

"சும்மான்னா? படுத்தே கெடந்தீங்களா?"

"படுத்திருக்கறது வீட்டம்மா. பக்கவாதம்."

"யார் பாத்துக்கறா?"

"நான்தான்."

"எத்தனாவது மாடி?"

"மூணு. லிஃப்ட் இல்ல."

"அப்ப பிசியோதெரபிக்கு?"

"முதுகுல தூக்கிட்டு எறங்குவேன், ஏறுவேன். காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. அதெல்லாம் எக்சர்சைஸ்ல சேராதுல்ல மேடம்?"

ஒவ்வொரு பதிலையும் பல்லைப் பிடுங்குவதுபோல் பிடுங்க வேண்டியிருந்தது. நல்ல மனுஷன், அடக்கத்தால் வேலையைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒருவழியாகக் கணக்குப் போட்டு, ஆறு என்று எழுதிப் பெருமையாகக் காட்டினேன்.

அவர் முகம் செத்துப்போனது.

"ஆறுன்னா திரும்பவும் ஏணிதானே. ஒருநாள் முழுக்க இங்க, ஒருநாள் வீடு. நான் இங்க இருக்கற அன்னிக்கு அவளை யாரு தூக்குவா? போன் ரூம்னா தினம் எட்டு மணி நேரத்தோட போயிடலாம்."

"மாத்திக் குடுங்கன்னு கேக்க வேண்டியதுதானே?"

"மூணு மனு குடுத்தேன். எடம் காலியில்லன்னாங்க. உடம்பு தகுதியில்லன்னா மட்டும் உடனே மாத்துவாங்களாம்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மனுவைத் திருப்பியவர்கள்மேல், இந்தப் பாழாய்ப்போன எண்ணின்மேல், அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்ட என் வாயின்மேல். படிவத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். புதிதாக ஒன்றை எடுத்துப் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டேன். இந்த வேலையில் நான் எழுதிய முதல் பொய்.

நன்றி சொல்லக்கூட மறந்து காகிதத்தோடு எழுந்து போனார் மனுஷன். அடுத்த நொடியே இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கும் சத்தம். அடித்துப் பிடித்து ஓடிப் போய்க் கைப்பிடிச் சுவரில் குனிந்து எட்டிப் பார்த்தேன்.

"மெதுவா எறங்குங்க, கீழ ஆபீசர் நிக்கறாரு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.